டிஎம்வியில் கொடுத்த விவரம் எங்கே போகிறது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வந்து இறங்கிய இரண்டு மூன்று மாதத்துக்குள் நம்மில் பெரும்பாலோர் டிஎம்வி, அதாவது ஓட்டுநர் லைசென்ஸ் தரும் மாநில அரசு அலுவலகத்தின் கவுன்ட்டரில் போய் நிற்போம். பாஸ்போர்ட், விசா, ஐ-94 என்ற வருகைப் பதிவு, சோஷியல் செக்யூரிட்டி எண், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவோம். உயரம், கண்ணின் நிறம் எல்லாம் சொல்வோம். கையெழுத்துப் போட்டு, போட்டோவுக்கு நின்று, ஒரு தற்காலிகத் தாளோடு வெளியே வருவோம். நம்மைப் பற்றி இவ்வளவு விவரத்தை ஒரே நாளில் ஒரே இடத்தில் இதற்கு முன் கொடுத்திருக்க மாட்டோம். லைசென்ஸ் கிடைத்த சந்தோஷத்தில், அதெல்லாம் இனி யார் கையில் இருக்கும் என்று கேட்கத் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

சில வருடங்களாகப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களை டிஎம்விக்குக் கூட்டிப்போய் வருகிறேன். கவுன்ட்டரில் கவனிக்காமல் விட்ட ஒரு எழுத்து, ஒரு டிக், பிற்பாடு இன்ஷூரன்ஸிலோ குடியுரிமை விண்ணப்பத்திலோ வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் நிலைமை சிக்கலானது என்றால் வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் இந்த அளவுக்காவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: அரசாங்கத்திடம் இருக்கும் நம் லைசென்ஸ் பதிவு பூட்டியே கிடப்பதில்லை. சட்டம் திறந்துவைத்த சில வாசல்கள் வழியாக அது தினமும் வெளியே போகிறது. அவற்றில் சில வாசல்களுக்கு மட்டும் நம் சம்மதம் வேண்டும். எது அந்த வாசல் என்று தெரிந்துகொண்டு கவுன்ட்டருக்குப் போங்கள்.

முதலில், உங்கள் பதிவு யாரிடம் இருக்கிறது?

ஊரில் ஆர்டிஓ ஆபீஸில் எடுக்கும் லைசென்ஸ் நாடு முழுக்க ஒரே தரவுத்தளத்தில் ஏறுகிறது. இங்கே அப்படி இல்லை. லைசென்ஸ் மாநிலத்தின் பொறுப்பு. கலிஃபோர்னியா, நியூயார்க்கில் அதன் பெயர் டிஎம்வி. நியூஜெர்சியில் எம்விசி. மாசசூசெட்ஸில் ஆர்எம்வி. இல்லினாயிலும் மிச்சிகனிலும் மாநிலச் செயலாளர் அலுவலகம். டெக்சஸில் லைசென்ஸ் பொதுப் பாதுகாப்புத் துறையிடமும், வண்டிப் பதிவு டிஎம்வியிடமும் தனித்தனியாக இருக்கின்றன. இங்கே எல்லாவற்றையும் டிஎம்வி என்றே சொல்கிறேன்.

இணையத்தில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. பெயரில் டிஎம்வி என்று வைத்துக்கொண்டு, அரசு போலவே தெரியும் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் படிவத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, நீங்கள் தட்டிய விவரத்தையும் வைத்துக்கொள்வார்கள். தளத்தின் முகவரி டாட் கவ் (.gov) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தட்ட வேண்டும்.

வண்டி ஓட்டாதவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும். கிரீன் கார்டில் வந்திருக்கும் அப்பா அம்மா, ஓட்டக் கற்றுக்கொள்ளாத மனைவி அல்லது கணவர் எடுக்கும் மாநில அடையாள அட்டையும் அதே அலுவலகத்தில், அதே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறது.

பாதுகாப்பு எங்கிருந்து வந்தது?

1989 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற 21 வயது நடிகையை, அவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு தனியார் துப்பறியும் நிறுவனத்துக்குக் காசு கொடுத்தான். அவர்கள் டிஎம்வியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது அது சட்டப்படி தவறே இல்லை. வண்டி எண் தெரிந்தால் போதும், சிறு கட்டணம் கட்டி முகவரி வாங்கிவிடலாம் என்ற நிலை பல மாநிலங்களில் இருந்தது.

கலிஃபோர்னியா உடனே தன் சட்டத்தை இறுக்கியது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக டிபிபிஏ. மாநிலத்தின் வேலையில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்று தென் கரோலினா வழக்குப் போட்டது. 2000 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் இது உங்களுக்குண்டு. குடியுரிமை இருக்கிறதா, எந்த விசா என்று இந்தச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சட்டம் விவரங்களை மூன்று தட்டாகப் பார்க்கிறது. போட்டோ, சோஷியல் செக்யூரிட்டி எண், உடல்நலம் அல்லது ஊனம் பற்றிய விவரம் இவை மேல்தட்டு; மிகச் சில காரணங்களுக்குத்தான் வெளியே போகும். பெயர், முகவரி, போன், லைசென்ஸ் எண் அடுத்த தட்டு. மூன்றாவதைத்தான் பலரும் எதிர்பார்ப்பதில்லை: விபத்து, போக்குவரத்து மீறல், லைசென்ஸ் செல்லுபடியாகிறதா இல்லையா என்பதெல்லாம் இந்தச் சட்டத்தின்படி தனிப்பட்ட விவரமே இல்லை. வேகமாக ஓட்டி வாங்கிய அபராத டிக்கெட்டை மறைத்துவைக்க டிபிபிஏ உதவாது.

கிளம்புவதற்கு முன் பெயரைப் பாருங்கள்

நம் ஆட்களுக்கு அதிகத் தொந்தரவு வருவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் ஒருவர் அதை அப்படியே ஏற்றுவார், இன்னொருவர் விட்டுவிட்டு ஏற்றுவார். இனிஷியலை விரித்து அப்பா பெயரை ஓரிடத்தில் நடுப்பெயராகவும் இன்னோரிடத்தில் சர்நேமாகவும் போட்டவர்களுக்கும் இதே கதைதான்.

இது ஏன் முக்கியம் என்றால், டிஎம்வி உங்கள் தாள்களைப் பார்த்ததோடு விடுவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி தரவுத்தளத்தில் எண்ணும் பெயரும் பிறந்த தேதியும் பொருந்துகிறதா என்று கேட்கும். குடியேற்ற நிலையைச் சரிபார்க்க சேவ் என்ற மத்திய அரசு அமைப்பிடம் கேட்கும். இரண்டிலும் ஒரே பெயர் வரவில்லை என்றால் கேள்வி ஆள் பார்த்துச் சரிபார்க்கும் கட்டத்துக்குப் போகும். நாட்கள், சில சமயம் வாரங்கள் இழுக்கும். அதுவரை லைசென்ஸ் இல்லை.

அதனால் போவதற்கு முந்தைய நாள் ஐ-94ஐ இணையத்தில் எடுத்து அச்சிடுங்கள். பாஸ்போர்ட், விசா, ஐ-94, சோஷியல் செக்யூரிட்டி அட்டை நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஐ-94இல் தவறு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். டிஎம்வியில் கெஞ்சிப் பயனில்லை, அவர்களால் அதைத் தொட முடியாது. இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை என்றால், பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

ஹெச்-4இல் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் மனைவி, கணவர், பிள்ளைகளுக்கான விசா) வந்தவர்களுக்கு வேலை அனுமதி இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. பல மாநிலங்களில், எண் பெறத் தகுதியில்லை என்று அந்த அலுவலகம் தரும் கடிதத்தை டிஎம்வி கேட்கும். எண் இல்லை என்பதற்காக யாருடைய எண்ணையும், கணவருடையதையும்கூட, அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். அது உங்கள் பதிவோடு ஒட்டிக்கொள்ளும்.

பிறந்த தேதியையும் சொல்லியாக வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் நாள் முதலில், மாதம் பிறகு. இங்கே மாதம் முதலில். என் மனைவி ஜூலை 4இல் பிறந்தவர். அவருடைய தேதி ஓர் அலுவலகத்தில் ஏப்ரல் 7 என்று ஏறிவிட்டது. அட்டை வந்தபோதும் நாங்கள் கவனிக்கவில்லை. கார் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அவர் பதிவே கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் பிடிபட்டது. 12க்குள் இருக்கும் தேதியில் பிறந்தவர்கள் மாதத்தை வாயால் சொல்லுங்கள்: “ஜூலை நான்கு.”

படிவத்தில் டிக் போடும் கட்டங்கள்

நிதானமாகப் படித்து டிக் போடுங்கள். பின்னால் நிற்கும் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வாக்காளர் பதிவு. 1993இல் வந்த ஒரு சட்டத்தால், லைசென்ஸ் விண்ணப்பத்தோடு வாக்காளராகவும் பதிவு செய்யலாம். குடிமக்களுக்கு நல்ல வசதி. நமக்கோ இது பெரிய குழி. ஹெச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டு என்று எதில் இருந்தாலும் குடியுரிமை வாங்காத யாரும் இதில் ‘ஆம்’ போடக் கூடாது. குடிமகன் என்று தவறாகச் சொன்னது, வாக்களித்தது இரண்டும் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடியவை. பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள்.

உங்கள் தவறு இல்லாமலும் இது நடக்கலாம். 2024இல் ஓரிகன் மாநிலத்தில், குடியுரிமைக்கு ஆதாரம் காட்டாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் ஏறியிருந்தது தெரியவந்தது. வெளிநாட்டு பாஸ்போர்ட் காட்டியவர்களுக்கு ஊழியர்கள் திரையில் அமெரிக்க பாஸ்போர்ட் என்று தேர்ந்தெடுத்துவிட்டதுதான் முக்கியக் காரணம். ஆகவே வாயாலும் சொல்லுங்கள்: நான் குடிமகன் இல்லை, என்னைப் பதிவு செய்ய வேண்டாம். பிறகு எப்போதாவது வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். வாக்களிக்கவும் செய்யாதீர்கள். மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெயரை நீக்கச் சொல்லி, அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்.

விளம்பரச் சம்மதம். சட்டம் வந்த புதிதில், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால்தான் நிறுத்துவார்கள். 2000இலிருந்து தலைகீழாகிவிட்டது: விளம்பரத்துக்கும் கருத்துக்கணிப்புக்கும் மொத்தமாகப் பட்டியல் கொடுக்க உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். உங்கள் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால் காலியாக விடுங்கள். அதனால் லைசென்ஸ் கிடைப்பதில் எந்த வித்தியாசமும் இருக்காது.

ராணுவப் பதிவு. பல மாநிலங்களில் 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களின் விவரம் லைசென்ஸ் விண்ணப்பம் வழியாகவே, தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்கான பட்டியலுக்குப் போய்விடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் பையன்கள் பதிவு செய்தாக வேண்டும். செல்லுபடியாகும் மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை.

முகவரிக்குப் பெரும்பாலும் இரண்டு கட்டம் இருக்கும்: வசிக்கும் இடம், தபால் வரும் இடம். கலிஃபோர்னியாவில் வசிக்கும் முகவரிக்குத் தபால் முகவரியைவிடக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. தபால் பெட்டி வைத்திருந்தால் அதை இரண்டாவது கட்டத்தில் கொடுப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன் திரையிலோ அச்சிலோ எல்லாவற்றையும் காட்டுவார்கள். பெயர், தேதி, முகவரி, டிக் போட்ட கட்டங்கள் நான்கையும் சரிபாருங்கள். அந்த ஒரு நிமிடம்தான் செலவில்லாமல் திருத்தக் கிடைக்கும் நேரம்.

இனி யார் பார்க்கலாம்?

டிபிபிஏ 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. எல்லாவற்றையும் ஒப்பிக்கப்போவதில்லை. அரசு அலுவலகங்கள், நீதிமன்றம், போலீஸ், வண்டியில் குறை கண்டுபிடித்துத் திரும்பப் பெறும் தயாரிப்பாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி, இழுத்துப்போன வண்டியின் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்பவர், டோல் கட்டணம் வசூலிப்பவர், வழக்கு நடத்துபவர், உரிமம் பெற்ற துப்பறியும் நிறுவனம், அதுவும் அனுமதிக்கப்பட்ட காரணத்துக்கு மட்டும். இவர்களுக்கெல்லாம் உங்கள் சம்மதம் வேண்டாம். வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றினால், யாருக்கு, எதற்கு என்பதை ஐந்து வருடம் எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதில் காசும் புழங்குகிறது. இப்படி விவரம் கொடுத்ததற்கான கட்டணமாகக் கலிஃபோர்னியா டிஎம்விக்கு ஒரே ஆண்டில் சுமார் 5 கோடி டாலர் வந்தது 2019இல் வெளியான ஆவணத்தில் தெரிந்தது. நம் ஊரிலும் இதே பேச்சு அதே வருடம் எழுந்தது: வண்டிப் பதிவுக்கான வாகன், லைசென்ஸுக்கான சாரதி தரவுத்தளங்களைத் திறந்துவிட்டதில் 65 கோடி ரூபாய் வந்தது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள், மொத்தமாக விற்கும் அந்தக் கொள்கையை 2020இல் கைவிட்டார்கள்.

காரணம் சரியாக இருக்கிறதா என்று நீதிமன்றம் உன்னிப்பாகப் பார்க்கிறது. தென் கரோலினாவில் சில வக்கீல்கள், வழக்குக்கு ஆள் சேர்க்க, கார் வாங்கியவர்களின் பெயர் முகவரியை டிஎம்வியிலிருந்து வாங்கிக் கடிதம் போட்டார்கள். வழக்குக்காகத்தானே என்றார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஆள் பிடிப்பது வழக்கு நடத்துவது ஆகாது என்று தீர்ப்பளித்தது.

என்னை அதிகம் உறுத்துவது உள்ளே இருப்பவர்கள் செய்யும் தவறு. மினசோட்டாவில் முன்பு போலீஸில் இருந்த ஒரு பெண்ணின் பதிவை, வேலைக்குத் தொடர்பே இல்லாமல், நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் நானூறு தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார்கள். அவர் வழக்குப் போட்டார். நகராட்சிகள் சேர்ந்து 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தன. ஒவ்வொரு தடவை பார்த்ததும் கணினியில் பதிவாகியிருந்ததால்தான் அவரால் நிரூபிக்க முடிந்தது. சந்தேகம் இருந்தால் நீங்களும் டிஎம்விக்கு எழுதி, என் பதிவை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். தவறாக எடுத்தவர்மீது வழக்கு நடத்தினால் நீதிமன்றம் 2,500 டாலருக்குக் குறையாமல் இழப்பீடு தரலாம், வக்கீல் செலவும் சேர்த்து. நான்கு வருடத்துக்குள் போட வேண்டும்.

குடியேற்ற அதிகாரிகள் பார்க்க முடியுமா என்று எல்லோரும் மெல்லிய குரலில் கேட்கிறார்கள். டிபிபிஏ தடுப்பதில்லை, அவர்களும் அரசு அலுவலகம்தான். மாநிலச் சட்டம் தடுக்கலாம். நியூயார்க் 2019இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, நீதிபதியின் ஆணை இல்லாமல் டிஎம்வி பதிவைக் குடியேற்ற அமலாக்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கம், யூட்டா போன்ற மாநிலங்களில் லைசென்ஸ் போட்டோக்களை முக அடையாளத் தேடலுக்கு எஃப்பிஐயும் குடியேற்றத் துறையும் பயன்படுத்தியது 2019இல் வெளிவந்தது. உங்கள் மாநிலத்தின் நடைமுறை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மத்திய அரசின் விதிப்படி தரப்படும் ரியல் ஐடி வகை அட்டை எடுத்தால் இன்னொன்று. நீங்கள் காட்டிய பாஸ்போர்ட், விசாவின் ஸ்கேன் படங்களை மாநிலம் குறைந்தது 10 வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டை காலாவதியாகும் தேதி உங்கள் ஐ-94ஐ ஒட்டியே இருக்கும். விசா நீட்டித்து ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் வந்ததும் டிஎம்விக்குத் திரும்பப் போக வேண்டும். இரண்டு அலுவலகங்களும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கையில் வந்த அட்டை

பதிவேடு அரசிடம் பத்திரமாக இருந்தாலும், அதன் சுருக்கம் உங்கள் பர்ஸில் இருக்கிறது. அட்டையின் பின்புறம் உள்ள பார்கோடில் பெயர், முகவரி, பிறந்த தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் பூட்டில்லாமல் கிடக்கின்றன. சாதாரண போன் செயலியே படித்துவிடும். உங்கள் லைசென்ஸ் விசாவோடு முடியும் வகை என்றால் அந்தக் குறிப்புக்கும் அதில் இடம் உண்டு. சோஷியல் செக்யூரிட்டி எண் மட்டும் இருக்காது. முகப்பிலும் பார்கோடிலும் அது வரக் கூடாது என்று 2004இலேயே சட்டம் வந்துவிட்டது.

கடையில் வயது பார்க்க அட்டையைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள். ஸ்கேன் செய்யக் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் எந்தக் காரணத்துக்கு ஸ்கேன் செய்யலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது, சிகரெட், மது வாங்கும்போது கேட்பது வழக்கம்.

வாடகை வீடு தேடும் அவசரத்தில் லைசென்ஸின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் நமக்கு உண்டு. நானும் வந்த புதிதில் அனுப்பினேன். வீடு கிடைக்கவில்லை, அந்த ஆளும் காணாமல் போனார். மூன்று மாதம் கழித்து என் பெயரில் கிரெடிட் கார்டுக்கு யாரோ விண்ணப்பித்திருந்தார்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் முன்பக்கம் மட்டும் அனுப்புங்கள். எண்ணை மறைத்து, இன்ன வீட்டு வாடகைக்கு, இன்ன தேதி என்று குறுக்கே எழுதிவிடுங்கள். பின்பக்கத்தை அனுப்பாதீர்கள்.

போனில் வைத்துக்கொள்ளும் லைசென்ஸும் வந்துவிட்டது; ஐபோன் வாலட்டில் முதலில் கொண்டுவந்தது அரிசோனா, 2022 மார்ச்சில். அதில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது: முகவரி காட்டாமல், 21 வயது ஆகிவிட்டது என்பதை மட்டும் காட்டலாம். ஆனால் போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அசல் அட்டையும் கூடவே இருக்கட்டும்.

வீடு மாறினால், கார் விற்றால்

முகவரி மாறியதை நியூஜெர்சியில் ஒரு வாரத்துக்குள், கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள், டெக்சஸில் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். குடிமக்கள் அல்லாதவர்கள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் குடியேற்றத் துறைக்கும் 10 நாளுக்குள் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்றைச் செய்தால் மற்றது ஆகாது. பழைய முகவரிக்கு வரும் லைசென்ஸ் அட்டையைத் தபால் துறை பெரும்பாலும் புது வீட்டுக்கு அனுப்பாது. நாம் காலி செய்த வீட்டுத் தபால் பெட்டியில் நம் அட்டை கிடப்பது திருடனுக்குத்தான் வசதி.

கார் விற்றதும் நம்பர் பிளேட், கையெழுத்துப் போட்ட உரிமைச் சான்று ஆகியவற்றோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். விற்றுவிட்டேன் என்று டிஎம்விக்குத் தனியாக அறிவிக்க வேண்டும்; கலிஃபோர்னியாவில் ஐந்து நாளுக்குள். இல்லாவிட்டால் வாங்கியவர் செய்யும் பார்க்கிங் மீறலும் டோல் பாக்கியும் உங்கள் பதிவில் உங்கள் வீட்டைத் தேடி வரும்.

வீட்டுக்குள் ஆபத்து இருக்கிறவர்களுக்கு

கணவரோ உறவினரோ அடித்து, அந்த வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பல மாநிலங்களில் முகவரி மறைப்புத் திட்டம் இருக்கிறது. முதலில் கொண்டுவந்தது வாஷிங்டன் மாநிலம், 1991இல். கலிஃபோர்னியாவில் ‘சேஃப் அட் ஹோம்’ என்ற பெயரில் 1999இலிருந்து நடக்கிறது. சேர்ந்தவர்களுக்கு மாநிலம் ஒரு மாற்று முகவரி தரும். லைசென்ஸிலும் அரசுப் பதிவுகளிலும் அதைக் கொடுக்கலாம். தபால் அங்கே போய் உங்களுக்கு வந்து சேரும். முறை முக்கியம்: முதலில் திட்டத்தில் சேர்ந்து, மாற்று முகவரி கையில் வந்த பிறகு டிஎம்விக்குப் போங்கள். புது வீட்டு முகவரி ஒருமுறை ஏறிவிட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது கையை விட்டுப் போய்விடும். வழி தெரியவில்லை என்றால் தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

பதிவு திருடுபோனால்

2023இல் கோப்பு அனுப்பும் ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையால் ஓரிகனில் சுமார் 35 லட்சம் பேரின் லைசென்ஸ், அடையாள அட்டை விவரம் வெளியே போனது. லூசியானாவிலும் அதே நேரத்தில் நடந்தது. அதே வருடம் டெக்சஸில் தெரியவந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. திருடிய விவரங்களைக் கொண்டு அரசு இணையத்தளத்தில் பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒரு கும்பல் குறைந்தது 3,000 அசல் லைசென்ஸ்களின் மறுநகலைத் தபாலில் வரவழைத்திருந்தது. குறிவைத்தது ஆசிய வம்சாவளியினரை. அட்டை போலி இல்லை, அரசே அச்சிட்டது.

இதற்குச் செய்யக்கூடியதை இன்றே செய்துவிடலாம். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் உங்கள் கிரெடிட் பதிவை முடக்கி வையுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம். கடன் எடுக்கும்போது சில நிமிடத்தில் திறந்துகொள்ளலாம். யாரோ உங்கள் பெயரைப் பயன்படுத்தியது தெரிந்தால் ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதிந்து, போலீஸ் அறிக்கை வாங்கி, இரண்டையும் டிஎம்விக்குக் கொண்டுபோங்கள். அபராதம் பாக்கி, லைசென்ஸ் ரத்தாகும் என்று டிஎம்வி பெயரில் வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். 2025இல் நாடு முழுக்க இந்த மோசடி ஓடியது.

வருடம் ஒருமுறை உங்கள் பதிவை நீங்களே எடுங்கள்

கலிஃபோர்னியாவில் இணையத்தில் 2 டாலர், நியூயார்க்கில் 7, நியூஜெர்சியில் 15. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் எடுப்பது என் வழக்கம். தவறு இருந்தால் பிரீமியம் ஏறுவதற்குள் திருத்தலாம். உங்களுடையது அல்லாத டிக்கெட், போகாத ஊரில் ஒரு விபத்து, வாழாத முகவரி எதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு எடுக்கும் கம்பெனி, பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் வழியாக உங்கள் ஓட்டுநர் பதிவைப் பார்க்க உங்கள் எழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்திருப்பது நல்லது.

மற்றவர் பதிவு வேண்டும் என்றால்? நிறுத்தி வைத்த உங்கள் காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள், நம்பர் மட்டும் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நம்பரை வைத்து டிஎம்வியில் பெயர் முகவரி வாங்கப் பார்க்காதீர்கள். பொய்க் காரணம் எழுதி வாங்குவது குற்றம். டிஎம்வியில் வேலை பார்க்கும் தெரிந்தவரிடம் கேட்டால் அவருக்கு வேலை போகும், உங்கள்மீதும் வழக்கு வரும். போலீஸில் புகார் எழுதி, அறிக்கை எண்ணோடு நம்பரை உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கொடுங்கள். அவர்களுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது.